ஊர் என்றொரு கட்டம்

சிவசங்கரி லீவில் வந்து பதினோரு நாளாகிறது. அதில் ஒன்பது நாள் மழை. கேரளத்து மலையிலுள்ள ஏலப்பாறையில் மழைக்கு யாரும் தேதி குறிப்பதில்லை. அது பாட்டுக்கு வரும், இருக்கும், மனசு வந்தால் போகும். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறி, கொளுந்து நிறுக்கிற ஷெட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் கிழக்கு மூலையில் தராசை ஒட்டி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். லயத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்த மூலையில்தான் பேசப்படும். ஒருத்தி கல்யாணப் பேச்சை முடிக்கும்வரை இன்னொருத்தி குடையோடு காத்து நிற்பாள்.

சிவசங்கரிக்கு சூடானில் வேலை. அந்த நாட்டின் மேற்குக் கோடியில், சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருக்கிற ஒரு முகாமில், ஒரு நிவாரண நிறுவனத்துக்காகச் சோளமும் பருப்பும் எண்ணெயும் பங்கிடுகிற பொறுப்பு அவளுடையது. அவள் அம்மா சந்தனம் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "எம் மவ வெளிநாட்டுல ரேசன் கடையில இருக்கா." சிவசங்கரி முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு, அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்கு ஏறிப் போனபோது ஹவாவிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. ஹவா அந்த ஊர்ப் பெண். முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடம் எரிந்த பிறகு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். பாதி அரபி, பாதி ஆங்கிலம் என்று பேசுவாள். சிவசங்கரியின் அரபியும் அரைகுறைதான். நாலு வருடப் பழக்கத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி அமைந்திருந்தது.

எட்டாவது முறை மணி அடித்ததும் எடுத்தாள்.

"மேடம், புத்தகம் அவர்கள் கையில் இருக்கிறது."

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டாள் சிவசங்கரி. எந்தப் புத்தகம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் கேட்டது.

"நீல அட்டை. ஊர் எழுதியது."

ஹவா ஒவ்வொன்றாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை முகாம் இருக்கிற ஊர், இந்த ஜனங்களைத் துரத்திய கோஷ்டியின் கைக்குப் போய்விட்டது. அதற்கு முதல் நாளே வெளிநாட்டு ஊழியர்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வண்டிகளில் இடமில்லை, விதி அப்படி. புதன்கிழமை துப்பாக்கிக்காரர்கள் வந்து கிடங்கைத் திறக்கச் சொன்னார்கள். இரும்புப் பெட்டியை உடைத்தார்கள். சோளத்தில் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் படித்தவனாகத் தெரிந்த ஒருவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பங்கீடு நடக்கட்டும், ஒழுங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பேர் கூப்பிடுவதையும் நாங்களே செய்துவிடுகிறோம் என்றான்.

"இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது மேடம். மூன்று ஊர்க்காரர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் தேடுவது இவர்களைத்தான். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாது. ஊரைப் பார்த்தால் தெரியும். நான் என்ன செய்யட்டும்?"

சிவசங்கரி தராசின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிறுவனத்தின் படிவத்தில் ஊர் என்ற கட்டமே கிடையாது. குடும்பத் தலைவர் பேர், எத்தனை தலை, அட்டை எண், அவ்வளவுதான். சண்டை நடக்கிற இடத்தில் தேவைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, கேட்டாலும் எழுதி வைக்கக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே சிவசங்கரிதான். நன்றாகவே எடுப்பாள். பாடம் எடுப்பவருக்கு மட்டும் பாடம் பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிற ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவளும் அப்படி ஒருத்தி ஆனாள். ஆனால் காரணம் திமிர் அல்ல, அவளுடைய தம்பி.

அருண்பாண்டி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். வில்லேஜ் ஆபீசில், உன் தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த வருடம் இங்கே வந்தார், ரேகை காட்டு என்றார்கள். ரேகை என்றால் தாள். எஸ்டேட்டின் பழைய பேரேட்டைத் தேடி எடுத்தார்கள். கறையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில் தாத்தா இருந்தார்: பெரியமுத்து, லயம் ஏழு, முறி (அறை) நாலு. பக்கத்தில் சொந்த ஊர் என்ற கட்டம். அதில் எழுத்து இல்லை. அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்.

சங்கரன்கோவில் பக்கம் என்று வாய்வழியாகத் தெரியும். அங்கே போய்க் கேட்டால், நீங்கள் கேரளாக்காரர்கள், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இங்கே கேட்டால், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நாலு மாதம் அலைந்தார்கள். இடம் வேறு பையனுக்குப் போனது. அருண்பாண்டி இப்போது வாகமண்ணுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறான். அந்தக் கோட்டை இழுக்கக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். சிவசங்கரி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆகவே முகாமில், ஊர் எரிக்கப்பட்டுத் துரத்தப்பட்ட ஜனங்கள் வரிசையில் வந்து நின்றபோது, அவளுக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது. நீல அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கி, அவளே ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டாள். நிறுவனத்துக்குச் சொல்லவில்லை.

ஹவா அன்றைக்கே சொன்னாள். "மேடம், இங்கே ஊர் பேரைச் சொன்னால் என்ன இனம் என்று சொன்னதாக அர்த்தம்."

"இது இரும்புப் பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது?" என்றாள் சிவசங்கரி.

ஜனங்களுக்கு அந்தக் கட்டம் மிகவும் பிடித்துப்போனது. மற்றதையெல்லாம் முணுமுணுத்துச் சொல்கிறவர்கள், ஊர் என்று கேட்டதும் நிமிர்ந்து சொல்வார்கள். தோம்பாரா. கிர்லே. ஒஸ்பா. எழுதிவிட்டாயா, காட்டு என்று படிக்கத் தெரியாதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். சிவசங்கரி எழுந்து நின்று அவர்களிடம் ஒருமுறை பேசியும் இருக்கிறாள்: "ஒருநாள் யாராவது உங்களை எந்த ஊர் என்று கேட்பார்கள். அன்றைக்கு இந்தப் புத்தகம் உங்களுக்காகப் பேசும்." ஹவாதான் மொழிபெயர்த்தாள். ஒரே ஆள் இரண்டு பங்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக சிவசங்கரி ஒரு விதியும் போட்டாள்: சொல்கிற பேரும் ஊரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பங்கு கிடையாது. லீவுக்குக் கிளம்பும்போது ஹவாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆபத்து வந்தால் எல்லாக் காகிதத்தையும் எரித்துவிடு, இதை மட்டும் எரித்துவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஹவா சொன்னபடி செய்திருக்கிறாள்.

"மேடம், கேட்கிறதா? பங்கீட்டை நிறுத்தட்டுமா?"

நிறுத்து என்று வாய்வரை வந்தது. அறுநூற்று நாற்பது குடும்பம். கடைசியாகச் சோளம் கொடுத்து இருபது நாளாகிறது. நிறுத்தினால் ஹவாதான் நிறுத்தினாள் என்று அந்த மரியாதைக்காரனுக்குத் தெரிந்துவிடும். நடத்து என்றால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் இவளே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்ததுபோல ஆகும். மூன்று ஊர்க்காரர்களையும் ரகசியமாக எச்சரிக்கச் சொன்னால், செய்தி வெளியே கசிந்த நிமிடமே ஹவா இல்லை.

"நான் தனியாக முடிவு செய்யக் கூடாது ஹவா. நைரோபியில் கேட்டுவிட்டு அரை மணியில் கூப்பிடுகிறேன்."

பொறுப்பான பதில்தான். கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நைரோபி அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவரை என்ன செய்வது? முழுக்கக் கேட்டார். ஊர் என்ற கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "அதைப் பிறகு பேசுவோம்" என்றார். பங்கீடு நிறுத்தி வைக்கப்படுகிறது, புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு அவர்களுடைய தலைமைக்குக் கடிதம் போகும், ஹவாவுக்கு அலுவலகமே தகவல் சொல்லும், நீங்கள் லீவில் இருக்கிறீர்கள், தயவுசெய்து எந்த உத்தரவும் கொடுக்காதீர்கள் என்றார். சிவசங்கரி மறுத்துப் பேசவில்லை. அவர் இடத்தில் இவள் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

நாற்பது நிமிடம் கழித்து ஹவாவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. அந்த ஊரின் டவரை அணைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் ஷெட்டிலேயே நின்றாள். கொளுந்தோடு வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மூட்டையைத் தராசில் மாட்டினார்கள். பின்சி என்கிற பக்கத்து லயத்துப் பெண், "மாப்ள வீட்டுல பேசுறீகளோ சங்கரியக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் குடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். நைரோபியிலிருந்து ஒரு செய்தி வந்தது: கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது. எங்கே அனுப்பினார்கள், யார் வாங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை அருண்பாண்டி ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்து ஷெட் ஓரமாக நிறுத்தினான்.

"அம்மா சாப்பிடக் கூப்புடுதுக்கா. ரெண்டு நாளா நீ ஒண்ணும் திங்கலயாம்ல."

அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியில் மழை வழிந்தது. அவன் வைப்பரைப் போடவில்லை.

"அவுக வேற ஊரு பேரச் சொல்லித் தப்பிச்சிக்கிட மாட்டாகளா?" என்று கேட்டான்.

"நீ சொன்னியா? வில்லேஜ் ஆபீசுல ஒரு ஏஜெண்டு பழைய தேதியும் வேற ஊரும் போட்டு ரேகை தாரேன்னான்ல. அப்பா என்ன சொன்னாக?"

"'எங்கய்யா ஊர மாத்தி எழுத மாட்டேன்'னாக." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தப் பொய்யச் சொல்லிருந்தா நான் இந்நேரம் இஞ்சினியரு."

"தெரியும்."

"அக்கா, நீ இத எனக்காகப் பண்ணியா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு வேண்டியிருந்தத அவுகளுக்குக் குடுத்துட்டியேக்கா" என்றான் அவன். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, அழுது முடியட்டும் என்று வெளியே இறங்கி மழையில் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு விடுமுறை. ஷெட்டில் யாரும் இல்லை. அங்கே பங்கீடு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். இங்கே அப்போது பதினொன்றரை. பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. அவள் இருநூற்றுப் பன்னிரண்டில் எத்தனை முகங்கள் ஞாபகத்தில் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் இருக்கவும் பார்த்தாள். இரண்டும் முடியவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் நைரோபி பேசுகிறது, ஜெனீவா பேசுகிறது, உலகமே பேசுகிறது. அந்த ஒரே ஒரு ஊர் மட்டும் பேசவில்லை.

மாலை நாலு மணிக்கு போன் அடித்தது. தெரியாத எண். யாரோ வைத்திருந்த சாட்டிலைட் போனிலிருந்து ஹவா பேசினாள். உயிரோடு இருக்கிறாள். சிவசங்கரி முதலில் கேட்டது இதுதான்:

"நைரோபிச் செய்தி உனக்குக் கிடைத்ததா?"

"எந்தச் செய்தி?" என்றாள் ஹவா. "நீங்கள் அரை மணியில் கூப்பிடுவதாகச் சொன்னீர்கள். ராத்திரி வரைக்கும் பார்த்தேன். பிறகு நானே முடிவு செய்தேன்."

தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் மூலமாக மூன்று ஊர்க்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், வந்தே தீர வேண்டுமென்றால் வேறு ஊரைச் சொல்லுங்கள். அநேகம் பேர் வரவில்லை. குடும்பத்துக்கு ஒருவராக முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். இருபது நாள் பட்டினி, பிள்ளைகள் அழுகின்றன, வராமல் எப்படி இருப்பார்கள்? வாசலில் மேசை போட்டு அந்தப் படித்தவன் உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டான்.

"எல்லோரும் சொந்த ஊரையே சொன்னார்கள் மேடம்."

"நீ சொல்லியனுப்பினாயே. ஏன்?"

"ஒரு அம்மாவிடம் வரிசையிலேயே போய்க் காதில் சொன்னேன். பொய் சொல்லுங்கள் என்றேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பங்கு கிடையாது என்று மேடம் சொல்லியிருக்கிறார்களே, பொய் சொன்னால் சோளம் கிடைக்குமா என்று."

முப்பத்தொரு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குச் சோளத்தை அளந்து கொடுத்தார்கள். மூட்டை இப்போது வாசலில் வரிசையாக இருக்கிறது.

சிவசங்கரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டுத் தரையில் நேற்றைய கொளுந்து ஒட்டிக்கிடந்தது. அவளே சொன்னது அது. அவள் போட்ட விதி. ஒரு பிடி சோளம்கூடக் களவு போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட விதி. ஐயோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் இணைப்பு போய்விடுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், ஒன்று கேட்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், இந்த போன் என்னுடையது இல்லை" என்றாள் ஹவா. "கொண்டுபோகப்பட்டவர்களின் வீட்டுக்காரர்கள் இங்கே என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். காணாமல் போனவர்கள் பட்டியல் ஒன்று எழுதச் சொல்கிறார்கள். தேடுவதற்கு. நான் பேரை எழுதிவிட்டேன். முப்பத்தொன்றில் ஆறு பேர் ஆதம், நாலு பேர் ஃபாத்திமா. ஊரை எழுதாவிட்டால் யார் எந்த ஆதம் என்று யாருக்கும் தெரியாது, தேட முடியாது. ஊரையும் எழுதட்டுமா?"

எழுதாவிட்டால் ஆதம்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து தொலைந்துபோவார்கள். எழுதினால், லாரியில் ஏறாமல் தப்பித்து இந்த நிமிடம் ஹவாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களையும் காட்டிக்கொடுக்கிற இன்னொரு பட்டியல் அது. சிவசங்கரி இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம். எந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரு பதிலாவது இருக்கும். இல்லாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதில் இருக்கும்.

"எனக்குத் தெரியலை ஹவா" என்றாள். தமிழில் சொல்லிவிட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஹவாவுக்கு அது புரிந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும். அவள் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு அங்கே இருந்தவர்களிடம் என்னவோ சொன்னாள். மேடம் லைனில் இருக்கிறார்கள் என்று மட்டும் இவளுக்குப் புரிந்தது. ஒரு சலசலப்பு எழுந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் மிக அருகில் வந்தது. மேடத்துக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள்: ஆதம் இசாக், தோம்பாரா.

அடுத்து ஒரு கிழவர். ஃபாத்திமா ஹாரூன், கிர்லே. அடுத்து ஒரு சிறு பெண். அவள் அப்பா பேரையும் ஊரையும் இரண்டு முறை சொன்னாள், எழுதிவிட்டார்களா என்று கேட்டாள். ஒவ்வொருவராக வந்து போனை வாங்கினார்கள். சிவசங்கரியிடம் பேனா இல்லை, தாள் இல்லை. இருந்தாலும் எழுதியிருக்க மாட்டாள். போதும், சொல்லாதீர்கள் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு பேருக்கும் "சரிம்மா, சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.